பந்தயக் காரின் எண்ணும் இரசிகர் மனமும்

நாடகக் கொட்டகையில் இராஜபார்ட் நடிகர் திடீரென நோயுற்றுவிட்டால், அவருடைய உடுப்பையும் கிரீடத்தையும் இன்னொருவருக்கு அணிவித்து மேடையேற்றிவிடுவார் கம்பெனி முதலாளி. ஆட்டம் எப்படியோ நடந்துவிடும். ஆயினும், கொட்டகையில் கூடியிருப்போர் புதியவரை ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றுவரும் ஸ்டாக் கார் பந்தயங்களிலும் இத்தகைய இக்கட்டு அவ்வப்போது நேர்வதுண்டு. பந்தயப் பருவத்தின் நடுவே ஒரு காரின் ஓட்டுநர் மாறுவார். காரும் பழுது பார்ப்போரும் முதலாளியும் முன்னிருந்தவர்களே. உள்ளே அமர்ந்திருப்பவர் மட்டும் புதியவர். அப்பொழுது இரசிகர்கள் யாருக்காகக் கைதட்டுவார்கள்? இவ்வினாவுக்கு 2001 ஆம் ஆண்டுப் பருவம் தந்த விடையைப் போல வேறெந்தப் பருவமும் தந்ததில்லை.

முதலில் இப்பந்தயத்தின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வோம். 'ஸ்டாக் கார்' என்றால், தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வரும் சாதாரணக் கார் என்பது பொருள். பந்தயத்திற்கென்றே தனியாகக் கட்டப்பட்ட வண்டிகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே இப்பெயர் இடப்பெற்றது. 1948 ஆம் ஆண்டில் பில் பிரான்ஸ் என்பார் புளோரிடா மாநிலத்து டேடோனா பீச் நகரில் 'நாஸ்கார்' எனும் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு ஜூன் மாதத்தில், வட கரோலைனாவின் சார்லட் நகரில், கடையில் வாங்கியபடியே உள்ள கார்களுக்கான முதற்பந்தயம் நடந்தேறியது. அக்காலத்துக் கார்கள் உண்மையிலேயே சாதாரணக் கார்கள்தாம். பின்னாளில் பெயர் மட்டுமே நிலைத்தது; உள்ளிருப்பன யாவும் பட்டறைகளில் தனியே செய்யப்படுவன.

இப்பந்தயங்களில் காருக்கு முதலாளி ஒருவர், ஓட்டுநர் வேறொருவர். இருவரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு, எனினும் அஃது அருகிவிட்டது. ஒவ்வொரு பந்தயத்திலும் ஓட்டுநருக்குத் தனியாகவும் முதலாளிக்குத் தனியாகவும் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பந்தயம் தொடங்கும்போது எவர் இருக்கையில் அமர்ந்திருந்தாரோ, அவருக்கே ஓட்டுநர் புள்ளிகள் சேரும். இடையில் அவர் இறங்கி மற்றொருவர் ஏறிக்கொண்டாலும் கணக்கு மாறாது. காரின் எண்ணோ ஓட்டுநரின் சொத்து ஆகாது. சங்கம் அதனை முதலாளிக்கே பயன்படுத்தத் தருகிறது. எனவே ஓட்டுநர் விலகினால் எண் முதலாளியிடமே தங்கிவிடும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. இரசிகர் மனம் இச்சட்டத்திற்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அதற்குக் காரணம் உண்டு. காற்பந்தாட்டத்தில் ஆட்டக்காரரின் முகத்தைக் காண்கிறோம். அவர் ஓடுவதையும் விழுவதையும் காண்கிறோம். கார்ப்பந்தயத்திலோ ஓட்டுநரின் முகம் தலைக்கவசத்துள் மறைந்திருக்கும். உடல் இரும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். டேடோனா ஓடுதளம் ஒரு சுற்று இரண்டரை மைல். அதன் வளைவுகள் 31 பாகை சரிவில் மதில்போல் நிமிர்ந்திருக்கும். அங்கே மணிக்கு 180 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கூட்டமாகப் பாயும் ஏறத்தாழ நாற்பது கார்களுள், தமக்கு வேண்டியவரை இரசிகர் எப்படி அறிவார்? கதவிலும் கூரையிலும் எழுதப்பட்ட எண்ணையும், காரின் நிறத்தையும் கொண்டே அறிவார். ஆகவே எண்ணும் நிறமுமே அவருக்கு முகம். தொப்பியிலும் சட்டையிலும் கொடியிலும் அந்த எண்ணையே அவர் தாங்கித் திரிகிறார்.

கறுப்பு நிறமும் மூன்றாம் எண்ணும் சேர்ந்தால் டேல் எர்ன்ஹார்ட் என்று பொருள். வட கரோலைனாவில் ஆலைத் தொழிலாளர் மிகுந்த ஊரொன்றில் 1951 இல் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையாரும் பந்தய ஓட்டுநரே. முன்னே செல்லும் காரை இடித்தேனும் வழி பிடிக்கும் முரட்டு ஓட்டம் அவருடையது. அதனால் அவரை வெறுத்தவர்களும் ஏராளம். வெறுத்தவர்களும் அவரைப் பார்க்கவே வந்தார்கள். ஏழுமுறை வெற்றி வாகை சூடி, ரிச்சர்ட் பெட்டியின் சாதனையை எட்டினார். 76 பந்தயங்களில் வென்றார். ஆனாலும் பெருமைக்குரிய டேடோனா 500 பந்தயம் மட்டும் அவருக்கு எட்டாக் கனியாக இருந்து, இருபதாம் முயற்சியில், 1998 இல்தான் கைகூடியது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். எர்ன்ஹார்ட்டை மூன்றாம் எண்ணோடு முதலில் சேர்த்து வைத்ததும் பருவத்தின் நடுவே நேர்ந்த ஓர் ஓட்டுநர் மாற்றமே. 1980 இல் வாகை சூடிய அவர், 1981 இல் தம் முதலாளி குழுவை வேறொருவருக்கு விற்றுவிட்டதால் அங்கிருந்து விலகினார். அச்சமயம் ரிச்சர்ட் சில்ட்ரெஸ் என்பார் மூன்றாம் எண் காருக்குத் தாமே முதலாளியாகவும் தாமே ஓட்டுநராகவும் இருந்து வந்தார். தம்மைவிடத் திறமையானவர் கிடைத்தார் என்று கண்டதும், அவர் தம் காரிலிருந்து இறங்கி, பருவத்தின் கடைசி 11 பந்தயங்களுக்கு எர்ன்ஹார்ட்டை ஏற்றிவிட்டார். தன் இருக்கையைத் தானே பிறருக்கு விட்டுக்கொடுத்த முதலாளி அரியவர். பின்னர் இருவரும் சிலகாலம் பிரிந்திருந்து, 1984 இல் மீண்டும் கூடினர். ஏழு வாகைகளுள் ஆறு இந்தக் கூட்டில் கிடைத்தவையே. கார் கறுப்பாக மாறியது 1988 இல்.

2001 பிப்ரவரி 18 ஆம் நாள், டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், எர்ன்ஹார்ட் மூன்றாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னே சென்ற இரு கார்களும் அவரே முதலாளியாக இருந்த குழுவைச் சேர்ந்தவை. ஒன்றை மைக்கேல் வால்ட்ரிப்பும், மற்றொன்றைத் தம் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் ஓட்டினர். கடைசி வளைவில் ஸ்டெர்லிங் மார்லினின் கார் எர்ன்ஹார்ட்டின் காரைத் தீண்டியது. கறுப்புக் கார் தடுமாறி மேலேறி மதிலில் மோதிற்று. 462 பந்தயங்களில் தோற்றபின் முதன்முறையாக வென்ற வால்ட்ரிப் மகிழ்ச்சியில் திளைத்திருந்த நேரத்தில், எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து மாண்டிருந்தார். அவருக்கு வயது 49.

அடுத்த பந்தயம் அடுத்த ஞாயிறன்றே இருந்தது. துயரம் கொண்டாட இப்பந்தய உலகில் ஓய்வு இல்லை; விளம்பரதாரரோடு ஒப்பந்தம், தொழிலாளர்க்குச் சம்பளம், சங்கத்தின் அட்டவணை எல்லாம் முதலாளியின் கழுத்தை நெரிக்கும். சில்ட்ரெஸ் குழுவை நடத்துவதென முடிவு செய்தார். ஓட்டுநராக அவர் தேர்ந்தது, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டிலிருந்து வந்த 25 வயது இளைஞர் கெவின் ஹார்விக்கை. அவ்வாண்டு அவரை இரண்டாம் நிலைப் பந்தயமாகிய புஷ் தொடரில் ஓட்டச் செய்து, மேல்நிலைத் தொடரில் சிறிது சிறிதாகப் பழக்குவதே சில்ட்ரெஸின் முந்தைய ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஒரே வாரத்தில் தலைகீழாயிற்று.

ஹார்விக்குக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைப்பது? குழுவினர், இயந்திரங்கள், விளம்பரதாரர் யாவும் அவருக்குக் கிடைத்தன. எண்ணும் நிறமும் மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாம் எண்ணைச் சில்ட்ரெஸ் எடுத்து வைத்துவிட்டார். கார் 29 ஆயிற்று, கறுப்பு வெள்ளையாயிற்று. சட்டப்படி பார்த்தால் மூன்றாம் எண்ணையே தொடர்ந்திருக்கலாம், தடுப்பார் எவருமில்லை. அப்படிச் செய்திருந்தால், கறுப்புக் கார் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் பார்ப்போர் கண்கள் இறந்தவரைத் தேடியிருக்கும்; உள்ளே இருக்கும் இளைஞர் செய்யும் ஒவ்வொரு பிழையும் இறந்தவர்க்கு இழைத்த அவமதிப்பாகத் தோன்றியிருக்கும். எண் மாற்றம் இறந்தவருக்குச் செய்த மரியாதை என்றே பலரும் எழுதினர். புதிய ஓட்டுநருக்குச் செய்த உதவியும் அதில் அடங்கியிருந்தது. இரண்டிலும் பின்னதே பெரிது எனத் தோன்றுகிறது.

இரசிகர் துயரம் எல்லாம் நல்வழியில் செல்லவில்லை. மார்லினுக்கு வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் வந்தன. தந்தையை இழந்த ஜூனியரே முன்வந்து, மார்லின் மீது பழி இல்லை என்று வெளிப்படையாகக் கூற வேண்டியதாயிற்று. துயருற்ற கூட்டம் குற்றவாளி ஒருவனைத் தேடுவது எந்நாட்டிலும் காணத்தக்கதே. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்னும் மூன்று ஓட்டுநர்கள் நாஸ்கார் தளங்களில் மாண்டிருந்தனர். கேட்க வேண்டிய கேள்வி மதில்களையும் கழுத்துக் காப்பையும் பற்றியது. தலையையும் கழுத்தையும் பிணைத்துக் காக்கும் கருவியை 2001 அக்டோபரில்தான் சங்கம் கட்டாயமாக்கியது. மோதலின் விசையைத் தாங்கிக்கொள்ளும் மதில்கள் 2002 முதல் எழுப்பப்பட்டன.

பிப்ரவரி இறுதியில் ராக்கிங்காமில் நடந்த பந்தயத்தின் முதற்சுற்றிலேயே ஜூனியரின் கார் மதிலில் மோதியது. பார்த்தோர் நெஞ்சம் உறைந்தது. அவர் நடந்து வெளியே வந்தார். மழையால் மறுநாள் முடிந்த அப்பந்தயத்தில், எர்ன்ஹார்ட்டின் குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் பார்க் வென்றார். ஹார்விக் 14 ஆம் இடம் பெற்றார். அதே வாரத்தில், முன்னரே குறித்திருந்தபடி, அவருடைய திருமணமும் நடந்தது. அடுத்து லாஸ் வேகாஸில் எட்டாம் இடம்.

மூன்றாவது ஓட்டம் மார்ச் 11 அன்று அட்லாண்டாவில். கடைசிச் சுற்றில் ஹார்விக்கின் வெள்ளைக் காரும் ஜெஃப் கார்டனின் காரும் பக்கம் பக்கமாக எல்லைக் கோட்டைக் கடந்தன. ஹார்விக் 0.006 விநாடி முந்தியிருந்தார். இதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், இதே தளத்தில், இதே மாதத்தில் பாபி லபான்டியை 0.010 விநாடியில் வென்றவர் எர்ன்ஹார்ட். அதை நினைவில் வைத்திருந்த கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஹார்விக் காரை எதிர்த்திசையில் திருப்பி, சன்னல் வழியே மூன்று விரல்களை நீட்டியவாறு தளத்தை வலம் வந்தார். எர்ன்ஹார்ட்டுக்கு ஆண்டுக்கணக்கில் பெட்ரோல் நிரப்பிய தாடிக்காரர் டேனி மையர்ஸ் அழுததைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது.

அந்தக் கைதட்டல் யாருக்கு? ஹார்விக்குக்கு மட்டும் உரியதன்று என்பது ஹார்விக்குக்கே தெரிந்திருந்தது. அந்த மூன்று விரல்களே சான்று. அப்பருவம் முழுவதும், ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாம் சுற்று வந்ததும் இரசிகர்கள் எழுந்து மூன்று விரல்களை உயர்த்தினர். தொலைக்காட்சி வருணனையாளர்கள் அச்சுற்று முடியும்வரை வாய் திறக்கவில்லை; இயந்திரங்களின் ஓசை மட்டுமே கேட்டது. ஜூலையில், தந்தை மாண்ட டேடோனாவிலேயே ஜூனியர் வென்றார். பழைய இரசிகர்களுள் பெரும்பாலோர் எட்டாம் எண் சிவப்புக் காரின் பின்னே சென்றனர். தம் பாசத்தை இருக்கைக்கு வந்தவரிடம் ஒப்படைக்காமல் இரத்த உறவிடம் ஒப்படைத்தனர் எனலாம். ஆண்டு முடிவில் இரசிகர் வாக்களித்துத் தேர்ந்த 'மிகவும் விரும்பப்படும் ஓட்டுநர்' யார் தெரியுமா? ஒரே ஒரு பந்தயம் மட்டும் ஓடி மறைந்த டேல் எர்ன்ஹார்ட்.

ஹார்விக்கோ அவ்வாண்டில் முதற்பந்தயத்தைத் தவறவிட்டும் புள்ளிப்பட்டியலில் ஒன்பதாம் இடம் பெற்றார்; சிறந்த புதுமுகம் என்ற விருதும் பெற்றார். அத்துடன் புஷ் தொடரையும் முழுமையாக ஓட்டி, அதில் வாகையும் சூடினார். இரு தொடர்களையும் ஒருங்கே சுமப்பது சிறிய செயலன்று. எனினும் அவர் முன்கோபி. 2002 ஏப்ரலில் மார்ட்டின்ஸ்வில்லில் அவருடைய நடத்தைக்காகச் சங்கம் அவரை ஒரு பந்தயத்தினின்று விலக்கியது. அவர் இருக்கையில் அன்று வேறொருவர் அமர்ந்தார். இறந்தவரின் வாரிசு என்று கொண்டாடியவர்களுக்கு, இவர் தனி மனிதர் என்பது அப்பொழுது உறைத்திருக்கும்.

பருவ நடுவில் ஓட்டுநர் மாறுவதெல்லாம் இப்படித் துயரமாக முடிவதில்லை. 2015 பிப்ரவரியில் காலும் பாதமும் முறிந்த கைல் புஷ் 11 பந்தயங்களுக்கு வரவில்லை. அவர் காரைப் பிறர் ஓட்டிவந்தனர். திரும்பி வந்த அவர் சங்கத்தின் சலுகையால் தகுதி பெற்று அவ்வாண்டு வாகையே சூடினார். பதினொரு பந்தயம் ஓடாதவர் வாகையரா என இரசிகர் சிலர் முணுமுணுத்தனர். இருக்கை அவருடையதாகவே காத்திருந்தது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. தற்காலிக மாற்றத்தில் எண்ணும் நிறமும் உரியவர்க்காகக் காத்திருக்கும். அதனாலேயே அங்கே இரசிகர் மனம் பதறுவதில்லை.

மூன்றாம் எண் பதின்மூன்று பருவங்கள் பெட்டிக்குள் கிடந்தது. 2014 இல் சில்ட்ரெஸ் அதனைத் தம் பேரன் ஆஸ்டின் டில்லனுக்குத் தந்தார். கூடாது என்றவர்களும் இருந்தனர், காலம் வந்துவிட்டது என்றவர்களும் இருந்தனர். டில்லன் அதே எண்ணுடன் 2018 இல் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். எர்ன்ஹார்ட் அங்கு வென்று அப்பொழுது சரியாக இருபது ஆண்டு. மூன்றாம் எண் மீண்டும் தளமேறிய அதே 2014 இல், முன்னரே சில்ட்ரெஸ் குழுவிலிருந்து வெளியேறியிருந்த ஹார்விக், வேறொரு குழுவின் நான்காம் எண் காரில் தம் முதல் மேல்நிலை வாகையைச் சூடினார். 2023 இல் ஓய்வுபெறும் பருவத்தில், மே மாதம் நார்த் வில்க்ஸ்பரோவில் நடந்த நட்சத்திர ஓட்டுநர் பந்தயத்தில் மட்டும் அவர் நான்காம் எண்ணை விட்டு வேறு எண் கேட்டு வாங்கினார். வெள்ளைக் கார், எண் 29.