பதில் சொல்லக் கடமைப்பட்ட தலைவர்

உதைபந்தாட்டக் கழகத் தலைவரொருவர் பத்திரிகைகளின் கண்டனத்துக்குப் பதிலிறுப்பதில் வியப்பேதுமில்லை. ஆனால் அப்பதிலைச் செவிமடுப்போரே கழகத்தின் உரிமையாளர்களாகவும் இருந்துவிட்டால் விடயம் வேறாகிவிடுகின்றது. பார்சலோனாக் கழகம் எந்தவொரு செல்வந்தருக்கும் சொந்தமானதன்று. சந்தா செலுத்தும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்களுக்கே அது உரியது. தலைவரைத் தேர்வதும் அகற்றுவதும் அவர்களது வாக்கே.

சாண்ட்ரோ ரொசெல் பதவி துறந்ததை அடுத்து, 2014 ஜனவரியில் ஜொசெப் மரியா பர்த்தோமெவ் தலைமையேற்றார். 2015இல் அணி ஒரே பருவத்தில் மூன்று பெருங்கிண்ணங்களை வென்றது. அவ்வாண்டுத் தேர்தலில் அவரும் வென்றார். கிண்ணங்கள் குவிகையில் கண்டனக் குரல் மெலிந்தே கேட்கும்.

2020 பெப்ரவரி 17ஆம் நாள் கதெனா செர் வானொலி வெளியிட்ட செய்தியே அவரை உலுக்கியது. கழகத்திடம் பணம் பெற்ற நிறுவனமொன்றுடன் தொடர்புடைய சமூக வலைத்தளக் கணக்குகள், தலைவரைப் புகழ்ந்தும், மெஸ்ஸி, பிக்கே போன்ற சொந்த வீரர்களையும் அரசியல் எதிராளிகளையும் இகழ்ந்தும் எழுதின என்பதே அது. கழகத்தைப் பற்றிப் பேசப்படுவதை அவதானிக்கவே நிறுவனத்தை அமர்த்தினோம், எவரையும் தாக்கப் பணிக்கவில்லை என்றார் தலைவர். ஒப்பந்தத்தையும் முறித்தார். அவதூறுப் பிரசாரம் எதுவும் நடத்தப்படவில்லை என்று யூலையில் வெளிவந்த தணிக்கை அறிக்கை கூறியதையும் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். எனினும், பணிப்பாளர்களின் அனுமதி தேவைப்படாதவாறு கொடுப்பனவு சிறு தொகைகளாகப் பிரிக்கப்பட்டதா என்ற வினா ஓயவில்லை. ஏப்ரலிலேயே ஆறு பணிப்பாளர்கள் விலகியிருந்தனர்.

நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், வினாவுக்கு விடை இல்லாதபோது வினவியவனின் உள்நோக்கத்தை ஆராயப் புகும் பெரியவர்களைக் கண்டதுண்டு. அந்நோய்க்கு நாடு, துறை என்ற பேதமில்லை.

ஓகஸ்ட் 14இல் லிஸ்பனில் பயேர்ண் மியூனிக்கிடம் 8–2 என்ற தோல்வி. சில நாட்களில் மெஸ்ஸி விலக விரும்புவதாக அறிவித்தார். விலகுவதா, தங்குவதா என்பதைத் தன்னிடமே விடுவதாகக் கூறிய தலைவர் சொன்ன சொல்லைக் காக்கவில்லை என்றும் செவ்வியொன்றில் குறைகூறினார். பத்திரிகைக்காரன் சொன்னால் பகைமை எனலாம். கழகத்தின் மாபெரும் வீரனே சொன்னால்?

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 16,520 கையொப்பங்கள் தேவைப்பட்டன. 20,000க்கும் அதிகமானவை திரண்டன. பதவி விலகக் காரணமேதும் இல்லை என்று ஒக்டோபர் 26இல் கூறிய பர்த்தோமெவ், மறுநாளே பணிப்பாளர் சபையுடன் விலகினார். கொள்ளைநோய்க் காலத்தில் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கக் கற்றலோனிய அரசு மறுத்ததையே காரணமாகக் காட்டினார். தம் குடும்பத்தாரும் அச்சுறுத்தப்பட்டதாக வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே.

2021 மார்ச் 1இல், வலைத்தள விவகார விசாரணையில் அவர் கைதாகி மறுநாள் விடுவிக்கப்பட்டார். கைது தீர்ப்பாகாது. ஓகஸ்டில் தமது நிருவாகத்தை நியாயப்படுத்திக் கடிதமொன்று எழுதினார். புதிய தலைவர் லப்போர்த்தா பத்திரிகையாளரைக் கூட்டி அதனை மறுத்து, கழகத்தின் கடன் 1,350 மில்லியன் யூரோ என்று அறிவித்தார். மெஸ்ஸி அதற்குச் சில நாட்களின் முன்னரே பாரிசுக்குப் போய்விட்டிருந்தார்.