கையளவுத் திரையில் மயிலிட்டிக் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த மயிலிட்டி, பெயர்பெற்ற மீன்பிடித் துறையாகும். 1990-ஆம் ஆண்டு போரினால் அவ்வூரார் இடம்பெயர்ந்தனர். 2017 யூலை மாதத்திலேதான் துறைமுகமும் அதனை அடுத்த நிலத்தின் ஒரு பகுதியும் மீண்டும் அவர்கள் கைக்கு வந்தன. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் பலர் கடல்கடந்து குடியேறிவிட்டனர். இன்று கரையில் நிற்கும் ஒருவர் கைத்தொலைபேசியால் எடுக்கும் ஒரு நிமிடக் காட்சி, அவர்கள்முன் ஊரையே கொண்டுவந்து நிறுத்துகின்றது. அக்காட்சி சிதையாமற் சென்றடைய வேண்டுமாயின், அனுப்புமுன் மூன்று செயல்களிற் கவனம் வேண்டும். வடிவம், சுருக்கம், பேணல் என்பனவே அவை.

முதலாவது வடிவம். டிக்டொக், இன்ஸ்டகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ் ஆகியன நெடுக்குத் திரைக்கென அமைந்தவை. அகலம் 9 பங்கெனின் உயரம் 16 பங்கு. புள்ளிக் கணக்கில் 1080-க்கு 1920. கிடையாகப் பிடித்தெடுத்த காட்சியை இவ்வளவுக்கு வெட்டினால், அகலத்தில் மூன்றிலொரு பங்குகூட எஞ்சாது. வள்ளத்தின் அணியமும் பின்புறமும் மறைந்து, நடுப்பகுதி மாத்திரமே நிற்கும். ஆதலால், எடுக்கும்போதே கருவியை நிமிர்த்திப் பிடித்தல் நன்று. திரையின் அடிப்பகுதியையும் வலப்புறத்தையும் தளத்தின் எழுத்துகளும் குறிகளும் மறைத்துவிடும். எனவே முகங்களும் தமிழ்த் தலைப்புகளும் நடுவில் அமைதல் வேண்டும்.

இரண்டாவது சுருக்கம். விநாடிக்கு 30 படங்கள் கொண்ட இத்தகைய காட்சியைச் சுருக்காது வைத்தால், ஒரு விநாடிக்கே 18 கோடி பைற்றுக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே 2003-இல் வகுக்கப்பெற்ற எச்.264 போன்ற முறைகள், ஒவ்வொரு படத்தையும் முழுமையாக எழுதாமல், முந்திய படத்தினின்று மாறியதைப் பெரும்பாலும் குறித்துக்கொள்கின்றன. இறங்குதுறைச் சுவர் அசையாதது, எளிதிற் சுருங்கும். அலையோ கணந்தோறும் மாறுவது. அதனை மிகச் சிறிய கோப்பில் அடைத்தால், நீர்ப்பரப்பு சதுரஞ் சதுரமாக உடைந்து தோன்றும். கடற்காட்சிக்கு விநாடிக்கு ஏறத்தாழ 10 மெகாபிற் அளவேனும் கொடுத்து, எம்பி4 கோப்பாகச் சேமித்தல் தகும்.

தளங்கள் தாம் பெறும் கோப்பைத் தம் தேவைக்கேற்ப மறுபடியும் சுருக்குகின்றன. ஒவ்வொரு சுருக்கத்திலும் நுட்பம் சிறிது இழக்கப்படும், இழந்தது மீளாது. வட்ஸ்அப்பில் காணொளியாக வந்ததை எடுத்துத் தொகுப்பது, பிழிந்த கரும்பை மீண்டும் ஆலையில் இடுவதை ஒக்கும். அதனையே ஆவணமாக அனுப்பினால் மூலக்கோப்பு மாறாமல் வந்துசேரும். மூலத்திலிருந்து தொகுத்து, ஒரே முறை சுருக்கி ஏற்றுவதே முறை.

மூன்றாவது பேணல். தளத்தில் ஏறியது பிரதியே, மூலம் அன்று. தளம் அதனை என்றும் காக்கும் என்னும் உறுதியுமில்லை. வீட்டைவிட்டு அவசரமாகப் புறப்படுவோர் பழைய ஒளிப்படங்களை எடுத்துச் செல்வது அரிது. இடம்பெயர்ந்த மக்கள் இதனை நன்கு அறிவர். ஆதலின் மூலக்கோப்பை, நாளும் இடமும் குறித்து, இரண்டு வேறிடங்களிற் சேமித்தல் வேண்டும். இன்று பொழுதுபோக்காக எடுத்த அந்த ஒரு நிமிடம், நாளை ஊரின் வரலாற்றுச் சான்றாகவும் நிற்கக்கூடும்.