எடை போடும் மேசையில் எழும் தூசி

ஆய்வகப் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, 2014-இல் மருத்துவ இதழில் பதிவான ஓர் அமெரிக்க வேதியியலாளரின் அனுபவம். நிக்கல் நானோ துகள் பொடியை, எந்தத் தடுப்பும் இல்லாத திறந்த மேசையில் அவர் எடை போட்டார். சில கிராம்தான். தொண்டை எரிந்தது, மூக்கடைத்தது, முகம் சிவந்தது. பிறகு கம்மலும் பெல்ட் கொக்கியும் பட்ட இடத்திலெல்லாம் தோல் ஒவ்வாமை.

நானோ துகள் என்பது 100 நானோமீட்டருக்கும் சிறியது. நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர். மூச்சோடு போனால் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும். உடலில் வினையும் கூடும். அதனால்தான் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 2011-இல் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது: சாதாரண நுண்தூளுக்குக் கனமீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம், நானோ அளவுக்கு 0.3. கார்பன் நானோ குழாய்களுக்கு 2013-இல் சொன்ன வரம்பு வெறும் 1 மைக்ரோகிராம்.

பாட்டிலைத் திறக்கும்போதும், ஸ்பாட்டுலாவால் அள்ளும்போதும்தான் பொடி அதிகம் பறக்கிறது. ஆகவே மூடிய பெட்டிக்குள் எடை போடுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தைத் தொடாதீர்கள். முடிந்தால் பொடிக்குப் பதில் திரவத்தில் கலந்ததையே வாங்குங்கள். முகக்கவசம் இவற்றுக்கெல்லாம் அடுத்த காவல்தான். இந்த ஏற்பாடுகளைச் செய்து தருவது தொழிலாளியின் பொறுப்பல்ல, நிர்வாகத்தின் கடமை.