மலைக்கும் ஒரு கணக்கு நோட்டு



"முன்ன மாதிரி மழை இல்லைங்க, ஓடையில தண்ணி நிக்கிறதே இல்லை." பச்சைமலை அடிவார ஊர்களில் குழுக் கூட்டம் நடந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எந்த வருஷத்துல இருந்து? எத்தனை நாள் மழை குறைஞ்சுது?" என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். சேமிப்பில் பத்து ரூபாய் குறைந்தால் எந்த வாரம், யார் கட்டவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். அதற்கு நோட்டு இருக்கிறது. மழைக்கு நோட்டு இல்லை.

பச்சைமலை நமக்கு ஏன் முக்கியம்?

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரம்பலூர், திருச்சி, சேலம் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. மருதையாறு இங்கே உற்பத்தியாகி, அரியலூர் மாவட்டம் வழியாகப் போய்க் கொள்ளிடத்தில் கலக்கிறது. எனவே அரியலூர் சகோதரிகளுக்கும் இது சொந்த மலைதான்.

மலையில் மரமும் மண்ணும் நன்றாக இருந்தால் மழைநீர் பூமிக்குள் இறங்கி, ஊற்றாக மெதுவாக வரும். ஒரே நாளில் கொட்டித் தீர்த்தால் பெரும்பகுதி ஓடிப்போகும், கிணறு ஊறாது. சின்ன வெங்காயமும் பருத்தியும் போட்ட குடும்பத்தில் அது கடன் தவணையில் வந்து நிற்கும்.

இன்னொரு விஷயம். 1000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். பூமி சூடாகும்போது குளிர்ச்சி தேவைப்படும் செடிகளும் பறவைகளும் மேலே நகரும். இமயமலையில் ஏறுவதற்கு இடம் உண்டு. பச்சைமலையின் உயரமே சுமார் 1000 மீட்டர்தான். அதற்கு மேல் எங்கே போவது?

மற்ற மலைகளில் கணக்கு

நீலகிரி மாவட்டம் முதுமலையில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-ல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, சுமார் 25,000 மரங்களுக்கு எண் கொடுத்தார்கள். எது செத்தது, எது புதிதாக வந்தது என்று வருடந்தோறும் பார்த்து எழுதுகிறார்கள்.

இமயமலைப் பகுதி பற்றி, காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலை மேம்பாட்டு மையம் 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும், 2100-க்குள் அங்குள்ள பனிப்பாறைகளில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்றது. பல வருடம் அளந்து வைத்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

நாம் என்ன எழுதலாம்?

* மழை: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை, மரம், சுவர் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைத் துறை கணக்கில் அது மழை நாள்.
* கிணறு: மாதம் முதல் தேதி, மோட்டார் போடுவதற்கு முன், விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள்.
* ஓடை: தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி.
* மரம்: ஒரே வேம்பு, ஒரே புளியமரம். முதல் பூ பூத்த தேதி.
* பறவை: கரைவெட்டி ஏரிப் பக்கம் இருப்பவர்கள், இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்து வந்த தேதியையும் போன தேதியையும் எழுதலாம்.

ஒவ்வொரு வருடமும் அதே இடம், அதே கிணறு, அதே மரமாக இருக்க வேண்டும். மாற்றினால் ஒப்பிட முடியாது.

இதனால் என்ன பயன்?

ஒரு வருஷம் மழை தவறியதை வைத்துப் பருவநிலையே மாறிவிட்டது என்று சொல்லக்கூடாது. வானிலைத் துறையினர் 30 வருட சராசரியோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் நாலைந்து வருட நோட்டு இருந்தாலே நம் கிணறு எந்த மாதம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். ஆடிப்பட்டத்தில் எதை விதைப்பது, எப்போது கடன் எடுப்பது என்று யோசித்து முடிவு செய்யலாம். கிராம சபையில் தடுப்பணையும் ஏரி தூர்வாரலும் கேட்கும்போது, "தண்ணி இல்லைங்க" என்பதோடு தேதியையும் அளவையும் காட்டலாம்.

வரும் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். மாதம் ஒரு உறுப்பினர் பொறுப்பு எடுக்கட்டும். எழுதத் தெரியாதவர் அளந்து சொல்லட்டும், பள்ளி போகும் பிள்ளை எழுதட்டும்.

அளப்போம்! எழுதுவோம்! நம் மலையைக் காப்போம்!