தூண்டிலும் போட்டியும்

தாம்பரம் அருகே செம்பாக்கம், சிட்லபாக்கம் போன்ற ஏரிகளில் தூண்டிலில் சிக்கும் ஜிலேபிக் கெண்டை பெயரில்தான் கெண்டை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. பிடிபட்டால் குழம்புக்குப் போகும்.

ஐரோப்பியக் கெண்டைப் போட்டிகளில் நீண்ட கழியால் பிடித்து, வலைப்பையில் மணிக்கணக்கில் வைத்து, எடை பார்த்தபின் உயிரோடு விடுகிறார்கள். கருணைபோலத் தோன்றும் இதில்தான் சிக்கல். ட்ரவுட் மீனின் தலையில் வலியுணர் நரம்புகள் இருப்பதை 2003இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினர். உலர்ந்த கை பட்டால் உடலைக் காக்கும் வழவழப்புப் படலமும் உரிந்துவிடும். எதிர்முள் இல்லாத கொக்கியும் ஈரக் கையும் காயத்தைக் குறைக்கும், நீக்காது.

தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிருக்கு வலி தருவது ஜெர்மனியில் சட்டப்படி தவறு. விடுவதற்காகவே பிடிக்கும் போட்டியை அந்தச் சட்டம் ஏற்பதில்லை. குழம்புக்குப் பிடிப்பவருக்கு அங்கே தடையில்லை, ஆனால் உரிமம் வேண்டும்.