ஏழு சென்டிமீட்டர் கடல்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் விகிதமும் விகித சமமும் ஒரு பாடம். வரைபட அளவை மட்டும் சமூக அறிவியல் புத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரே சங்கதி இரண்டு வாத்தியார்களுக்குப் பங்கு பிரிந்து கிடக்கிறது. பிள்ளைகளுக்கோ ஸ்கேல் என்றால் கோடு போடுகிற அடிக்கோல்தான்.

பாக் விரிகுடாக் கரையில் மீனவர் ஊரான கோட்டைப்பட்டினத்தில் இரண்டையும் சேர்க்க வெகுதூரம் போகவேண்டாம். விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் திரை போதும். அதில் ஓடுகிற அட்சரேகையின் ஒரு நிமிடம்தான் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். மீனவர் வாயில் வெறும் 'மைல்'.

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளைச் சொல்லி, அவற்றை இணைக்கும் கோடே எல்லை என்றது. இரண்டாவது புள்ளி 9 டிகிரி 57 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 35 நிமிடம் கிழக்கு. மூன்றாவது, 9 டிகிரி 40.15 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 22.60 நிமிடம் கிழக்கு. பாடப்புத்தகம் இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கைத் தந்துவிடாது.

வரைந்து பார்த்தேன். 1 செ.மீ.க்கு 5 கி.மீ., அதாவது 1:5,00,000. கோட்டைப்பட்டினம் ஏறத்தாழ 79 டிகிரி 12 நிமிடத்தில் இருக்கிறது. தாளின் இடது ஓரத்தில் வைத்தேன். இரண்டாவது புள்ளி அநேகமாக நேர்கிழக்கே, எட்டரை செ.மீ. தள்ளி விழுந்தது. மூன்றாவது தென்கிழக்கில். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்து, ஊரிலிருந்து செங்குத்தாக அளந்தால் 7 செ.மீ. சொச்சம். 35 கிலோமீட்டர் கடல், ஒரு நோட்டுப் பக்கத்துக்குள்.

இதில் ஒரு வம்பு உண்டு. தீர்க்கரேகையின் நிமிடம் இங்கே கடல் மைலைவிடச் சுமார் 25 மீட்டர் குட்டை. இரண்டும் ஒன்றென்று கட்டம் போட்டால், 23 நிமிடத்தில் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகிவிடும்.

ஆழத்தையும் அதே அளவையில் வரைய ஆசைப்பட்டேன். ஆழத்துக்குக் கரையில் வழங்கும் கணக்கு பாகம்; இரு கைகளையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. பாக் விரிகுடா பெரும்பாலும் எட்டுப் பாகத்துக்குள், அதாவது 15 மீட்டருக்குள். என் அளவையில் அது 0.03 மில்லிமீட்டர். வரைந்த தாளின் தடிமனில் பாதிகூட இல்லை! வலை, இறால், நண்டு, பிழைப்பு எல்லாம் அதற்குள்தான்.

கடைசியாகப் பென்சில் கோடு. அதன் அகலம் அரை மில்லிமீட்டர் என்றால் கடலில் 250 மீட்டர். மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகு அதைக் கடக்க 80 வினாடி போதும். கோட்டின் எந்த ஓரம் எல்லை? பென்சிலைச் சீவிக்கொண்டு மறுபடி போட்டேன். 0.2 மில்லிமீட்டராக மெலிந்தது. அப்போதும் 100 மீட்டர்.

(தொடரும்)