இலக்குக் காவலர்

கரிசல் மண் மழைக்காலத்தில் காலைப் பற்றும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பந்து உருள்வதற்கு அத்துணை இணங்காத அம்மண்ணின் நடுவே அமைந்த கோவில்பட்டி, தீப்பெட்டியாலும் கடலை மிட்டாயாலும் மட்டுமன்றி, ஹாக்கி எனும் வளைகோற்பந்தாட்டத்தாலும் புகழ் பெற்றிருப்பது வியப்பே. 2022ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இவ்வூர் இளைஞர் மாரீஸ்வரனும் ஆடினார். இன்று இங்கே செயற்கைப் புல்தரை மைதானமும் உண்டு.

இவ்வாட்டத்தில் பந்தை அடிப்பவரையே பலரும் போற்றுவர். மறிப்பவரோ தவறியபோது மட்டும் நினைக்கப்படுவார். அவர் செய்யும் வேலை யாது?

இலக்கின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பந்து ஏறத்தாழ 160 கிராம் எடையும் கல்லையொத்த கடினமும் உடையது. இலக்குக்கு நேரே 12 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து வந்து சேர அரை விநாடியும் ஆகாது. கண் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்குள் அதில் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடும். எனவே கைவிரைவு ஒன்றையே நம்பி இலக்கைக் காத்தல் இயலாது.

நிற்கும் இடமே முதற்காவல். இரவில் விளக்கின் முன் கையை நீட்டிப் பாருங்கள். கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெரிதாகும். அடிப்பவரை விளக்காகவும் இலக்கைச் சுவராகவும் கொள்க. காவலர் இலக்குக் கோட்டிலிருந்து 4 மீட்டர் முன்னே வந்து நின்றால், அவர் காக்க வேண்டிய அகலம் 2.44 மீட்டராகக் குறையும். மிகவும் முன்னேறினாலோ, பந்து பக்கத்திலுள்ள வேறொருவர்க்குத் தள்ளப்படும். பின்னே இலக்கு வெறுமையாகக் கிடக்கும்!

அடுத்தது காத்திருத்தல். கற்போர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். அடிப்பவர் தோளை ஒருபுறம் சாய்த்து மறுபுறம் அடிப்பார். தோளை நம்பிப் பாய்ந்தவர் மீள்வதற்குள் பந்து இலக்கினுள் இருக்கும். ஆதலால் கண் பந்தின்மீதும் அதனைத் தொடும் கோலின்மீதும் நிலைத்திருத்தல் வேண்டும். கூடைப்பந்தாட்டத்தில் எறிபந்தை மறிப்பவரும் எறிபவர் எழுமுன் குதித்தால் ஏமாறுவார்.

மறித்த பந்தை இலக்கின் நடுவே விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுவதும் பழக வேண்டியதே. கவசம் இல்லாத மாணவர் டென்னிஸ் பந்தைக் கொண்டே பழகுக. இதில் வீரம் காட்டுதல் வேண்டா.

இக்கலையின் மதிப்பு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் டோக்கியோவில் விளங்கிற்று. தமிழ்நாட்டு வீரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற பின், 41 ஆண்டுகளாக இந்திய ஹாக்கி அணிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியை இந்தியா 5-4 என முந்தியிருந்தது. முடிவுக்கு ஏழு விநாடியும் இல்லாத நிலையில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் வாய்த்தது. சீறி வந்த பந்தைக் கேரளத்தைச் சேர்ந்த காவலர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் தாம் காத்த இலக்கின் மேல் ஏறி அமர்ந்தார்.